கழல மறுத்த வலது பின்விளக்கு: இருபது வயதுக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2005இல் புதுச்சேரியில் பதிவான பெட்ரோல் செடான், பி.ஒய். 01 வரிசை எண். வாங்கிய நாளிலிருந்து ஒரே உரிமையாளர். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேங்காய்த்திட்டில் வீடு. மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கார் நிற்பதோ வாசலில், கூரையில்லாத இடத்தில். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவைப்படாது. அந்தக் காலத்துச் செடான்கள் பலவற்றில் பின்விளக்கு அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதன் முகத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக அக்ரிலிக் கண்ணாடி, முதுகில் பெட்டியோடு சேர்த்து வார்த்த இரும்பு ஸ்டட்டுகள், அதாவது மரை வெட்டிய தண்டுகள். ஸ்டட்டுகள் பாடித் தகட்டின் துளைகள் வழியாக டிக்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் புகாதபடி ஒரு நுரை ரப்பர் கேஸ்கட்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குப் பெரியவர் வண்டியைக் கொண்டுவந்தபோது சொன்ன குறைகள் இவை. பிரேக்கை மிதித்தால் வலது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர் நிற்கிறது. வலது பின்விளக்கின் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் இறங்குகிறது. இவற்றோடு ஒரு கெடுவும் இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2020இல் ஒருமுறை புதுப்பித்த இந்த வண்டி 2025இல் மறுபடியும் ஆய்வாளர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிற வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது வீண் அலைச்சல்.

“இதற்கு முன்னால் வேறு இடங்களில் காட்டினேன் தம்பி. விளக்கு வரவே மாட்டேன் என்கிறதாம், உடைத்துத்தான் எடுக்க வேண்டுமாம்” என்றார்.

உடைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதில் எதை மாட்டுவது? அந்த மாடல் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. உதிரிபாகக் கடைகளில் விசாரித்ததில் இடது பக்கத்து விளக்குதான் கிடைத்தது, வலது இல்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான்களில் துழாவலாம். கிடைப்பது இதைவிட நல்ல நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். மாற்றுப் பொருள் கைக்கு வராதவரை பழையதை உடைக்கக் கூடாது என்பது பழைய வண்டிகளோடு புழங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். விளக்கு முழுதாக வெளியே வர வேண்டும் என்று பெரியவரிடம் பேசி முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்கினோம்.

குறைகளைப் பிரித்துப் பார்த்தது

சொன்ன குறைகளில் எது விளக்கைக் கழற்றச் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று முதலில் பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்கள் நம் தொழிலில் அதிகம்.

பின்விளக்கில் பிரேக்குக்கும் இரவு விளக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு. உள்ளே இரண்டு இழைகள். பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இண்டிகேட்டருக்குத் தனியாக ஒரு 21 வாட் பல்பு. இந்த இழைகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி ஒன்றே: எர்த்து. அது துருவேறி அடைபட்டால் மின்சாரம் சும்மா நிற்காது. பக்கத்து பல்பின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்து வரை போயாவது பாடியைச் சேரப் பார்க்கும். பிரேக் பல்பு மங்குவதும், சம்பந்தமில்லாத இண்டிகேட்டர் மினுங்குவதும் அதனால்தான். இந்த அறிகுறியைக் கண்டதும் பல்பை மாற்றுவதும், இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பிளாஷரை மாற்றுவதும், சுவிட்சை மாற்றுவதும் வாடிக்கையாளரின் பணத்துக்குக் கேடு.

மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்துத் தகட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் 3 வோல்ட்டைத் தொட்டது. 12 வோல்ட்டில் கால்பங்கு எர்த்திலேயே கரைந்துபோனால் பல்புக்கு என்ன மிஞ்சும்? எர்த்து வயரைப் பிடித்துக்கொண்டே போனால், டிக்கியின் வலது கீழ் மூலையில், உட்சுவரை மறைக்கும் லைனிங்குக்குப் பின்னால் ஒரு திருகில் முடிந்தது. திருகின் தலை எது, தகடு எது என்று பிரித்தறிய முடியாத பழுப்புக் கட்டி.

ஆக, பிரேக் குறையைச் சரிசெய்ய விளக்கைத் தொட வேண்டியதே இல்லை. பல்பு ஹோல்டரும் டிக்கிக்குள்ளிருந்தே கழன்று வரும். ஆனால் அந்தத் திருகைத் துருவேற்றியது தண்ணீர். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் திருகை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அடுத்த ஐப்பசி, கார்த்திகை தாண்டுவதற்குள் வண்டி திரும்பி வந்து நிற்கும்.

தண்ணீரைப் பற்றிப் பெரியவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அவர் தெருவில் அரைச் சக்கரம் அளவுக்குத் தண்ணீர் நின்றதாம். அது கீழிருந்து ஏறியிருக்க வேண்டும் என்றார். நம்பக்கூடிய கதைதான். ஆனால் வெள்ளம் ஏறிய டிக்கியில் வண்டல் படிந்திருக்கும். ஸ்டெப்னிக் குழியில் சேறே இல்லை. தெளிந்த தண்ணீர் காய்ந்து காய்ந்து விட்டுப்போன கறை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. பல மழைகளில் சேர்ந்த தண்ணீர் அது. குழியின் அடியில் உள்ள ரப்பர் அடைப்பான் இறுக்கமாக இருந்ததால் வந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை.

லைனிங்கை அகற்றி, தகடு முழுவதும் முகப் பவுடரைத் தூவினோம். வெளியே பட்டறைப் பையன் தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாகப் பிடித்துக்கொண்டு வந்தான். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேலே பிடித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது. பம்பர் இணைப்பில் ஒன்றுமில்லை. விளக்கின் கீழ் விளிம்பில் ஒன்றுமில்லை. மேல் விளிம்புக்கு வந்து சற்று நேரம் ஆனதும், உள்ளே மேல் ஸ்டட்டைச் சுற்றிப் பவுடர் நனைந்து ஒரு கோடு கிளம்பியது. தகட்டின் மடிப்பைப் பிடித்து இறங்கி, நேராக அந்த எர்த்துத் திருகின் மேல் போய்ச் சொட்டியது. விளக்கைக் கழற்றுவதற்கான காரணம் அங்கே உறுதியானது.

இடது விளக்கு காட்டிக்கொடுத்தவை

ஒரு காரில் இரண்டு பின்விளக்குகள் இருப்பது பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த வரம். வலதுபக்கம் அடம்பிடிக்கிறது என்றால் இடதுபக்கத்தை முதலில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அந்த விளக்கு எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது, எந்தத் திசையில் வெளியே வரும், பின்னால் என்ன இருக்கிறது என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை.

இடது விளக்கு சாதுவாக வந்தது. 5 மி.மீ. ஸ்டட்டுகள் நான்கு, 8 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் நட்டுகள். லைனிங்கை விலக்கியதும் மூன்று கண்ணில் படுகின்றன. நான்காவது, வெளிப்பக்க ஓரத்தில், இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள குழிக்குள் இருக்கிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டிய சாக்கெட்டை ஒரு துளை வழியாக விட்டால்தான் எட்டும். விளக்கடித்துக் குனிந்து பார்த்தாலொழியத் தெரியாது. அதே ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் முளையும் குரோமெட் என்னும் ரப்பர் வளையத்தில் செருகியிருக்கிறது. அதனால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து எடுக்க முடியாது; நேராகப் பின்னோக்கித்தான் வரும். கேஸ்கட் அசல், நசுங்கியிருந்தாலும் உயிரோடு இருந்தது. அதன் தடிமனால் கண்ணாடி விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி எல்லாப் பக்கமும் சீராக இருந்தது.

இந்தத் தகவல்களோடு வலதுபக்கத்தைப் பார்த்தபோது அது வேறு கதை சொன்னது. அங்கே இடைவெளியே இல்லை. விளிம்பில் நகத்தை ஓட்டினால் பாடியின் பெயின்ட் விளக்கின் கறுப்பு ஓரத்தின்மேல் மெல்லிய வரம்பாக ஏறியிருப்பது தட்டுப்பட்டது. விளக்கை மாட்டிவைத்தே, டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கேட்டபோது பெரியவருக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நெல்லித்தோப்புப் பக்கம் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்து, டிங்கரிங்கும் பெயின்டும் செய்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் டிக்கியில் தண்ணீர்.

உள்ளே நட்டுகளும் பேசின. மேல் இரண்டிலும் புதிய ஸ்பேனர் தழும்பு. கீழ் உட்புற நட்டின் முனைகள் மழுங்கி, அறுகோணம் வட்டமாகிக்கொண்டிருந்தது. யாரோ அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான்காவது நட்டின் மேல் தூசு கலையாமல் இருந்தது. அதன் இருப்பே யாருக்கும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு வெளியிலிருந்து நெம்பியதற்கு மேல் மூலையில் பாடித் தகட்டின் ஓரத்தில் திருப்புளி பதிந்த பள்ளம் சாட்சி. கண்ணாடியின் விரிசல் சரியாக அந்தப் பள்ளத்துக்கு எதிரில்தான் தொடங்கியது. அக்ரிலிக் வளையாது, ஓரத்தில் புள்ளியாக விசை கொடுத்தால் கீறிக்கொள்ளும்.

மேல் ஸ்டட்டின் துளைக்குப் பக்கத்தில் செல்போன் கேமராவை நுழைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினோம். துளையின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ பிதுங்கி உறைந்திருந்தது. கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் பசை. இடித்தபோது கேஸ்கட் கிழிந்திருக்கும், புதிது கிடைத்திருக்காது, கையில் இருந்த பசையைச் சுற்றித் தீற்றி விளக்கை அமுக்கிவிட்டார்கள். அதுவும் சீராகத் தீற்றவில்லை, மேலே ஓரிடத்தில் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் அங்கே நுழைந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று எல்லோரும் அதன் தலையில் பழியைப் போட்டார்கள். இடதுபக்கத்துக்கும் அதே வயதுதான்.

நட்டுகள்

எங்கள் கரையில் இரும்பு துருவேறும் வேகம் தனி. கடற்காற்றில் வரும் உப்புத் துகள்கள் இடுக்குகளில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். தேங்காய்த்திட்டிலும் கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்திலும் பெரும்பாலான இரவுகளில் இந்த அளவு எட்டிவிடும். ஆக மழையே இல்லாத மாதத்திலும் நட்டின் மரைக்குள் உப்புநீர் நிற்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மரை இடைவெளி முழுக்க அது நிரம்பியபின் நட்டும் ஸ்டட்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன.

இங்கே இன்னொரு சிக்கல். ஸ்டட்டின் மறுமுனை பிளாஸ்டிக்கில் புதைந்திருக்கிறது. துருவின் பிடி பிளாஸ்டிக்கின் பிடியை மிஞ்சினால் நட்டுக் கழலாது, ஸ்டட்டே சுற்றும். ஒருமுறை அப்படிச் சுற்றிவிட்டால் வேலை இரண்டு மடங்கு. அதனால் பலத்தைக் காட்டுவதற்கு முன் மருந்து.

கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். துரு நீக்கும் எண்ணெய் விட வேண்டும், ஆனால் ஸ்டட் படுக்கையாக நிற்கிறது. விட்ட எண்ணெய் நிமிடத்தில் வழிந்து கீழே போய்விடும். விளக்குத் திரியை எண்ணெயில் நனைத்து, நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்டட்டைச் சுற்றிக் கட்டிவைத்தோம். இரவு முழுவதும் அது ஈரமாகவே இருந்தது. எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். அசிட்டோனையும் கியர் பெட்டியின் ஏ.டி.எஃப். எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலக்கும் கைவைத்தியம் இரும்போடு இரும்புக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் இந்தப் பெட்டியின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பெட்ரோலும் தின்னரும் பட்டால் அக்ரிலிக் கண்ணாடி உள்ளுக்குள் நுண்விரிசல் விட்டு வெளுக்கும். எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டப் பிறந்தது, 1953இல். கெட்டித் துருவுக்கு அதற்கென்றே உள்ள ஊடுருவும் எண்ணெய் மேல்.

மறுநாள் மேல் இரண்டும் எளிதாக வந்தன. நான்காவது, மறைந்திருந்தது, முறைத்துக்கொண்டு நின்றது. அதைக் கழற்றும் திசையில் திருப்பாமல் முதலில் இறுக்கும் திசையில் கடுகளவு அசைத்தோம். துருவின் பிடி ‘டிக்’ என்ற சத்தத்தோடு விட்டது. பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் கழற்றினோம். கழற்றுவதற்கு ஏன் இறுக்க வேண்டும் என்று பையனுக்கு வியப்பு. எந்தத் திசையில் விட்டாலும் துரு விடும். ஆனால் தேய்ந்த, துரு நிரம்பிய மரைப் பக்கமாகத் தள்ளுவதைவிட எதிர்ப்பக்கம் அசைப்பது ஸ்டட்டுக்கு நல்லது.

முனை மழுங்கிய கீழ் நட்டுதான் பயந்தபடியே செய்தது. ஆறுமுனை சாக்கெட்டை மெல்லத் தட்டி இறக்கித் திருப்பியதும் ஸ்டட் பெட்டிக்குள் சுற்றத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் பலர் உளியை எடுக்கிறார்கள். நாங்கள் நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட் முனையைப் பார்த்தோம். வைஸ் கிரிப், அதாவது பூட்டிப் பிடிக்கும் குறடு, கவ்வும் அளவுக்கு நீளமில்லை. ஒரு ஹேக்சா பிளேடைப் பாதியாக ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, அந்த 5 மி.மீ. முனையின் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டோம். இடம் கையளவுகூட இல்லை. பிளேடு விரல் நீளத்துக்கு மேல் போய்வர முடியாது. அறுக்கிற இரும்புத்தூள் நகக்கண்ணில் ஏறியது. வெட்டு திருப்புளியின் நுனி உட்காரும் ஆழத்துக்கு வந்ததும், ரிங் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் வளையத்துக்கு நடுவே திருப்புளியை விட்டு ஸ்டட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருப்பினோம். அதற்கு முன் சால்டரிங் அயர்ன் நுனியை நட்டின் ஒரு முகத்தில் சிறிது நேரம் வைத்து எடுத்தோம். நட்டு சூடேறி விரியும், ஆறும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிக நேரம் வைக்கக் கூடாது. சூடு ஸ்டட் வழியாகப் போய் மறுமுனை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பசை

“நட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டனவே அண்ணே, இன்னும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது?” என்று பையன் கேட்டான். விளக்கு இம்மியும் அசையவில்லை.

பசையில் மூன்று சாதி உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பியூட்டைல் பட்டை என்றால் எத்தனை வருடமானாலும் காயாது. முடி உலர்த்தும் டிரையரின் சூடே போதும், இளகி, கம்பிப்பதம் வந்த வெல்லப்பாகு போல நூல் இழுத்துக்கொண்டு விட்டுவிடும். சிலிக்கான் என்றால் நகத்தால் தேய்த்தால் துருவலாக உதிரும்; சூடு அதை ஒன்றும் செய்யாது, அறுக்கத்தான் வேண்டும். முன்கண்ணாடி ஒட்டப் பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசை முற்றிய ரப்பராக இறுகிவிடும். அதற்கும் அறுப்பு மட்டுமே வழி. பிதுங்கியிருந்த கறுப்பை ஊசியால் குத்திப் பார்த்தோம். ஒட்டவில்லை, உதிரவில்லை, குத்திய ஊசியை எதிர்த்துத் தள்ளியது. முன்கண்ணாடிப் பசைதான். ஒரு முன்கண்ணாடியை விபத்திலும் விழாமல் பிடிக்க வேண்டிய பொருளை, எளிதில் கழற்ற வேண்டிய பின்விளக்குக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஹீட் கன் பிடிப்பதில் பயனில்லை, ஆபத்து மட்டுமே உண்டு. அந்தத் துப்பாக்கி பல நூறு டிகிரி காற்றைக் கக்கும், அக்ரிலிக்கும் ஏ.பி.எஸ்.ஸும் 100 டிகிரியை ஒட்டியே உருக்குலைய ஆரம்பிக்கும். பசையோ அந்தச் சூட்டில் அசையாது.

காரின் முன்கண்ணாடியைக் கழற்றுபவர்கள் முறுக்கிய கம்பியைப் பசைக்குள் விட்டு இருபக்கமும் இழுத்து அறுப்பார்கள். அதே முறைதான். தூண்டில் நரம்பை முதலில் முயன்றோம். உராய்வுச் சூட்டில் நைலான் இளகி அறுந்தது. பிறகு கடலூர் முதுநகரில் மீன்பிடி சாமான் விற்கும் கடையில், வஞ்சிரம் பிடிக்கிறவர்கள் முள்ளுக்கு முன்னால் கட்டும் ஸ்டீல் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தான் பையன். வஞ்சிரத்தின் பல் நரம்பைக் கத்தரித்துவிடும் என்பதற்காக இருக்கிற கம்பி அது; மெல்லியது, முறுக்கியது, பிசிறில்லாதது.

கம்பியை விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருந்தன. பெயின்ட் விளக்கின் ஓரத்தில் ஏறியிருந்ததல்லவா? புதிய பிளேடால் அந்த வரம்பை விளிம்பு முழுவதும் கீறிப் பிரித்தோம். இல்லாவிட்டால் விளக்கு வரும்போது பாடியிலிருந்து பெயின்டைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். பாடியின் மேல் மாஸ்கிங் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டினோம். பசை விட்டுப்போயிருந்த மேல் இடைவெளி இப்போது உதவிக்கு வந்தது. கோணி ஊசியில் கம்பியைக் கோத்து, அங்கே நுழைத்து, மூலையைச் சுற்றி வெளியே எடுத்தோம். இரு முனைகளிலும் மரக்கட்டையைக் கட்டினால் கை அறுபடாது.

ஒருவர் இழுக்க மற்றவர் தளர்த்த வேண்டும், வேகமில்லாமல், கம்பி எப்போதும் பிளாஸ்டிக் பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி. பாடிப் பக்கம் சாய்ந்தால் பெயின்டையும் அதன் அடியில் உள்ள பிரைமரையும் உரித்துவிடும். கம்பி பசைக்குள் போகும்போது கைக்கு ஒரு வழவழப்பு தெரியும். ஸ்டட்டில் முட்டினால் கரகரப்பு. கரகரத்ததும் நிறுத்தி, கம்பியை உருவி, அந்த ஸ்டட்டுக்கு மறுபுறமிருந்து தொடங்க வேண்டும். இப்படித் துண்டு துண்டாக நான்கு பக்கமும் அறுத்ததில் மாலை வெயில் இறங்கிவிட்டது.

கடைசித் தள்ளல் உள்ளேயிருந்துதான். சுத்தியலின் மரப்பிடியை ஸ்டட்டுகளுக்குப் பக்கத்தில், பெட்டி தடிமனாக இருக்கும் இடங்களில் மாறி மாறி வைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். பல்பு அறையின் சுவர் மெல்லியது, அங்கே கை வைக்கக் கூடாது. வெளியே பையன் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றான். வெளி ஓரத்து முளை குரோமெட்டிலிருந்து ‘பொட்’டென்று விட்டதும் விளக்கு நேராக அவன் கைக்கு வந்தது. விரிசல் ஓர் இழைகூடக் கூடவில்லை.

கழற்றிய பிறகு

தகட்டில் ஒட்டியிருந்த பசையைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டினோம். பசைக்கு அடியில் தகடு பத்திரமாக இருந்தது என்பதை அதற்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும். தொடர்ச்சி விட்டுப்போன மேல் ஓரத்திலும் ஸ்டட் துளைகளைச் சுற்றியும் துரு. நல்ல வேளையாக ஓட்டை விழவில்லை. தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, துத்தநாகப் பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்டோம்.

கேஸ்கட்டுக்கு மூடிய துளைகள் கொண்ட ரப்பர் நுரைத் தாள் வாங்கினோம். மெத்தைக்குப் போடும் சாதாரண ஸ்பஞ்சை வெட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது தண்ணீரைக் குடித்து, தகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஈரம் காக்கும். இடது விளக்கின் கேஸ்கட்டைத் தாளில் வைத்து வரைந்து, திருப்பிப் போட்டால் வலதுக்கு அச்சு கிடைத்துவிடுகிறது. சுற்றிய ஸ்டட்டைப் பெட்டியில் நேராக நிறுத்தி, அதன் அடியைச் சுற்றி இருகலவை எபாக்சிப் பசை ஊற்றி இறுகவிட்டோம். விரிசலை நாங்கள் தொடவில்லை. பெயர்ப்பலகை செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர்கள் அக்ரிலிக்கை அக்ரிலிக்கோடு சேர்ப்பது குளோரோஃபார்ம் கொண்டுதான். ஊசிக்குழலில் ஓரிரு சொட்டு விரிசலின் வாயில் வைத்தார். அது தானே உள்ளே ஓடிப் பிடித்துக்கொண்டது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரியும், தண்ணீர் போகாது.

எர்த்துக்குப் பழைய திருகைத் துளைபோட்டு எடுத்தோம். சற்று மேலே, தண்ணீர் எட்டாத இடத்தில், பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்ததும் புதிய ரிங் முனையைப் பல் வாஷரோடு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினோம். மல்டிமீட்டர் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. பிரேக்கை மிதித்தபோது இண்டிகேட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

விளக்கை மாட்டும்போது பழைய இரும்பு நட்டுகளைப் போடவில்லை. பித்தளை நட்டு, மரையில் கிரீஸ், அடியில் அகலமான நைலான் வாஷர். இறுக்குவதில்தான் நிதானம் வேண்டும்: நான்கையும் விரலால் உட்கார வைத்து, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, கேஸ்கட் பாதி நசுங்கும் வரை. அதற்கு மேல் இறுக்கினால் பெட்டி வளைந்து கண்ணாடி மறுபடியும் கீறும். குழாயைப் பிடித்துப் பார்த்தோம். பவுடர் உலர்ந்தே இருந்தது.

மேல் மூலையில் இருந்த திருப்புளிப் பள்ளத்தைப் பெரியவர் பட்டி வைத்து மறைக்கச் சொன்னார். “பதிவு முடியட்டும் ஐயா, பெயின்டர் வரும்போது முழுப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லித் துரு ஏறாதபடி பிரைமர் மட்டும் தொட்டுவைத்தோம். ஆய்வில் விளக்குகளைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை என்று பிறகு போனில் சொன்னார். இடது விளக்கைக் கழற்றியபோதே அதன் நட்டுகளுக்கும் கிரீஸ் வைத்துவிட்டோம். அடுத்த முறை அந்த நான்காவது நட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் தேடக் கூடாது என்பதற்காக, இரண்டு பக்கமும் லைனிங்கின் உள்முகத்தில் மார்க்கரால் அம்புக்குறி போட்டு ‘இன்னும் ஒன்று இங்கே’ என்று எழுதிவைத்திருக்கிறோம்.